கொன்சால்வெஸ் பாதிரியாரின் ஏடுகளும் இயேசுவின் பாடுகளும்

மாத்தளை மாவட்டத்தில், பலாபத்வலவுக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில் கி.மு. முதலாம் நூற்றாண்டிலே திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்றதென்பது மரபு. இம்மாவட்டத்தின் வஹகோட்டையில், ஒல்லாந்தரின் தடைக்கு எட்டாது, கண்டி மன்னராட்சியிற் கத்தோலிக்கர் வாழ்ந்தனர். இத்தகையோருக்காகவே, 1705இல் கோவாவிலிருந்து இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் பாதிரியார் (1676–1742) விவிலிய வரலாற்றையும் இயேசுவின் பாடுகளையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார்.

1737 முதல் கொழும்பில் இயங்கிய அச்சகம் ஒல்லாந்தர் வசமிருந்தது. தடைசெய்யப்பட்ட சமயத்தார்க்கு ஏடே எஞ்சியது. ஏட்டை ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டனர். எனவே, கேட்போரை நோக்கிய உரைநடை தேவைப்பட்டது. தபசுகாலத்தில் வாசிக்கப்படும் ‘வியாகுலப் பிரசங்கம்’ இதற்குச் சான்று. கருத்தைப் பரப்பும் சாதனம் எவர் கையிலிருந்தது என்பது இலக்கிய வடிவத்தையும் நிர்ணயித்தது என நாம் கொள்கிறோம்.

ஆதலின், இவ்வெழுத்தை வெறும் மதப்பிரசாரமென ஒதுக்குதல் வரலாற்று நோக்காகாது. எழுத்தறியாதோரையும் அது தமிழ் உரைநடையின் நுகர்வோராக்கியது. அதேவேளை அதன் எல்லையையும் நாம் மறைத்தல் தகாது. துன்புறுவோன்பால் இரக்கத்தை எழுப்பிய அவ்வுரைநடை, துன்பத்தை இறைத்திட்டமாகவே விளக்கிற்று. துன்பத்தை விளைவிக்கும் சமூக உறவுகளை வினவவில்லை. அவ்வினாவை எழுப்புதல் பிற்காலத்தார்க்கு விடப்பட்ட பணியாயிற்று.