அடைத்த பல்லின் ஆயுள்

பினாங்குத் தீவுக்குக் கிழக்கே, நீரிணையைக் கடந்தால் எதிர்ப்படும் செபராங் பிறையின் நடுப்பகுதியில் அமைந்துள்ளது புக்கிட் தெங்கா. இன்று தொழிற்சாலைகளால் பெயர் பெற்றுள்ள இவ்வூரைச் சூழ்ந்த செபராங் பிறை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. தமிழகத்திலிருந்து ஒப்பந்தத் தொழிலாளராக வந்தோரின் வியர்வை இங்கே சீனியாக விளைந்து கப்பலேறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு நின்ற நிலத்தில் இரப்பர் வேரூன்றியது. கரும்பு போயிற்று, சீனி போகவில்லை. செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த அது மலிந்து எளியோர் குடிலிலும் புகுந்தது. அதன் பின்னாலேயே பற்சொத்தையும் வந்தது.

சொத்தைப் பல்லைப் புழு அரிக்கிறது என்னும் எண்ணம் பல நாட்டாரிடத்தும் நெடுங்காலம் நிலவியது. 1728இல் பிரெஞ்சு நாட்டுப் பியர் ஃபொஷார் தம் பல் மருத்துவ நூலில் அதனை மறுத்தார். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சீனியையும் மாவுப்பொருளையும் புளிக்கச் செய்து உண்டாக்கும் அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று 1890இல் மில்லர் என்னும் அறிஞர் விளக்கினார். காரணம் தெளிவாவதற்கு முன்னரே குழியை அடைக்கும் கலை வளர்ந்துவிட்டது. பாதரசத்தோடு வெள்ளி சேர்ந்த கலவையைப் பற்றிய குறிப்பு, சீனத்தின் ஏழாம் நூற்றாண்டு மருந்து நூலிலேயே உண்டு. ஐரோப்பாவில் 1826ஆம் ஆண்டளவில் பாரிசு நகரத்துத் தவோ, வெள்ளி நாணயத் தூளையும் பாதரசத்தையும் குழைத்துப் பல்லில் இட்டார்.

இவ்விரசக்கலவை 1833இல் அமெரிக்கா சென்றபோது பெரும் பூசல் மூண்டது. பாதரசம் நஞ்சாயிற்றே என்று ஒரு சாரார் எதிர்த்தனர். அதனைப் பயன்படுத்துவதில்லை என உறுதிமொழி தருமாறு 1845இல் அந்நாட்டுப் பல் மருத்துவர் சங்கம் தன் உறுப்பினரைக் கேட்டது. அப்பிளவிலேயே நலிந்து 1856இல் அச்சங்கம் கலைந்தது. விலை குறைந்த, நீடித்து உழைக்கும் கலவையோ நிலைபெற்றது. 1890களில் பிளாக் என்பார் அதன் உலோக அளவுகளைச் செம்மைப்படுத்தினார். சொத்தை மீண்டும் வாராதிருக்க, அதனை அடுத்துள்ள நல்ல பகுதியையும் சேர்த்துக் குடைந்தே அடைக்க வேண்டும் என்பதும் அவர் வகுத்த விதி. பல தலைமுறை மருத்துவர்கள் அவ்விதியைப் பின்பற்றினர். நோயைத் தடுக்க எண்ணி நல்ல பல்லையும் இழக்கச் செய்த விதி அது என்பது பின்னரே உணரப்பட்டது.

மலாயாவில் அடைப்பதற்கே ஆளில்லாத காலம் ஒன்றிருந்தது. 1929இல் சிங்கப்பூரில் தொடங்கிய பல் மருத்துவப் பள்ளியில் பயின்று வந்தோர் தொகை நாட்டின் தேவைக்குப் போதவில்லை. நியூசிலாந்து 1921இல் வெலிங்டன் நகரில் பெண்களைப் பயிற்றிப் பள்ளிப் பல் தாதியராக அனுப்பி வழிகாட்டியிருந்தது. அம்முறையைத் தழுவி 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. அங்கே பயின்ற பெண்கள், சிறுவர் பல்லைச் சோதிக்கவும் அடைக்கவும் பிடுங்கவும் கற்று நாடெங்கும் பணியாற்றினர். வலி பொறுக்க முடியாத நாளில் பிடுங்கி எறிவதே பல் வைத்தியம் என்றிருந்த மக்களுக்குப் பல்லைக் காக்கவும் வழியுண்டு என்று காட்டியவர்கள் அவர்களே. அவர்கள் கையால் அடைத்த வெள்ளி அடைப்பை முதுமையிலும் வாயில் தாங்கியிருப்போர் உளர்.

அவ்வடைப்பின் ஆயுள் எவ்வளவு? வெள்ளி அடைப்புப் பொதுவாகப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் நிற்கும் என்பர். முப்பது ஆண்டுகளைக் கடந்தனவும் உண்டு. நாளடைவில் அதன் ஓரத்தில் படியும் துருவே நுண்ணிய இடுக்கை அடைத்துக் காக்கிறது. 1962இல் போவன் கண்ட பிசினிலிருந்து வளர்ந்த பல் நிற அடைப்பு, பல்லோடு ஒட்டிக்கொள்ளும். நல்ல பகுதியை மிகுதியாகக் குடைய வேண்டியதில்லை. ஆயினும் இறுகும்போது அது சற்றுச் சுருங்கும். ஈரமின்றிக் கவனமாக இடவேண்டும். பின்பற்களில் இட்ட இத்தகைய அடைப்புகளுள் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பழுதுபடுகின்றன என்று ஆய்வுகளைத் தொகுத்தோர் கூறுவர். பொருளைக் காட்டிலும் குழியின் அளவும், இட்டவர் கைத்திறனும், உடையவரின் உணவும் வாய்த் தூய்மையுமே ஆயுளைப் பெரிதும் உறுதி செய்கின்றன.

ஆகவே, ஆண்டுக் கணக்கை மட்டும் கொண்டு அடைப்பை மாற்றுவது அறிவுடைமையன்று. கறுத்துவிட்டது என்பதும் போதிய காரணமாகாது. ஒவ்வொரு முறை பழையதை அகற்றும்போதும் பல்லின் ஒரு பகுதி உடன் போகிறது. அடுத்த அடைப்பு முன்னதினும் பெரிதாகிறது. சிறு குழி பெருங்குழியாகி, வேர் வைத்தியத்தை வேண்டி, இறுதியில் பல்லே விழுகிறது. அடைப்பு உடைந்தாலோ, ஆட்டங்கண்டாலோ, அதனடியில் புதிய சொத்தை தோன்றினாலோ, மெல்லும்போது வலித்தாலோ காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்போதும் முழுவதையும் பெயர்க்காது, பழுதான இடத்தை மட்டும் செப்பனிட முடியுமா என்று காண்பதே இன்றைய முறை.

வெள்ளி அடைப்பின் காலமும் இப்போது முடிவை நெருங்குகிறது. பாதரசத்தால் சூழல் நஞ்சாவதைத் தடுக்க 2013இல் மினமாட்டா உடன்படிக்கை ஏற்கப்பட்டது. 2034க்குள் இரசக்கலவை அடைப்பைக் கைவிடுவதென 2025இல் அதன் உறுப்பு நாடுகள் முடிவு செய்தன. இச்செய்தியைக் கேட்டு, நன்றாக உள்ள பழைய அடைப்பைப் பெயர்த்தெடுக்க விரைவது தவறு. பெயர்க்கும் வேளையிலேயே பாதரச ஆவி மிகுதியாக எழும். பழுதற்ற அடைப்பை மருத்துவக் காரணமின்றி அகற்ற வேண்டா என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொண்டு பல் துலக்கிய முன்னோர் வரும் முன் காப்பதை அறிந்திருந்தனர். அடைப்பு மனிதன் செய்தது. அதனை மறுபடியும் செய்யலாம். கரைந்த பல் மறுபடியும் முளைப்பதில்லை. பிள்ளையின் பல்லில் முதல் குழி விழாமல் காப்பதே எவ்வடைப்பினும் நீண்ட ஆயுளைத் தரும். அன்று சீனியை விளைவித்த சமுதாயத்தின் பிள்ளைகள், அதன் அளவை அறிந்து உண்ணக் கற்பார்களாயின் அதுவே அவர்தம் பற்களுக்குச் சிறந்த அரணாகும்.