கட்டபொம்மனின் இறுதிச் சொற்கள்: பானர்மேன் அறிக்கையின் சான்று மதிப்பு

முன்னுரை

வீரபாண்டியக் கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். தண்டனையை நிறைவேற்றிய மேஜர் ஜான் பானர்மேன் மறுநாளே சென்னை அரசுக்கு அறிக்கை எழுதினார். கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலில் அதன் பகுதி இடம்பெற்றுள்ளது. தூக்கிலிட்டவரே எழுதிய ஆவணத்தைத் தூக்கிலிடப்பட்டவரின் சொற்களுக்குச் சான்றாகக் கொள்ளலாமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

கண்டதும் கேட்டதும்

அறிக்கையில் இருவகைச் செய்திகள் உள்ளன. விசாரணையின்போது கட்டபொம்மன் அஞ்சாது நின்றதும், எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரர்களை இகழ்ச்சியோடு நோக்கியதும், உறுதியான நடையுடன் வெளியேறியதும் பானர்மேன் தாமே கண்டவையாக எழுதியவை. இறுதிச் சொற்களோ தமக்குத் தெரிவிக்கப்பட்டவை என்ற குறிப்போடு அமைந்தவை. செல்லும் வழியில் வாய் பேச இயலாத தம்பியைப் பற்றி மட்டுமே கட்டபொம்மன் கவலை தெரிவித்தார். மரத்தடியை அடைந்ததும், கோட்டையைக் காத்து அங்கேயே இறந்திருக்கலாம், அதைவிட்டு வெளியேறியது தவறு என வருந்தினார் என்பதே அச்செய்தி. இவை நேர்கூற்றாக அன்றி அயற்கூற்றாக, ஆங்கிலத்தில் பதிவாகியுள்ளன. எனவே இவற்றைக் கேள்விச் சான்று என்றே வகைப்படுத்த வேண்டும்.

நம்பகத்தன்மை

எனினும் இச்சான்றைப் புறந்தள்ள இயலாமைக்கு இரு காரணங்கள் உள. முதலாவது, இது ஆட்சியாளர் எதிர்பார்ப்புக்கு இசைந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் நியூகேட் சிறைப் பாதிரியார்கள் வெளியிட்ட பதிவுகளில், குற்றத்தை ஒப்பித் தண்டனை நேரியதெனக் கூறி இறப்பதே தூக்குக் கைதிக்குரிய முறையாகக் கருதப்பட்டது. பானர்மேன் அறிக்கையில் அத்தகைய மனமாற்றம் இல்லை. கட்டபொம்மன் வருந்தியது எதிர்த்ததற்காக அன்று. கோட்டையை விட்டு வெளியேறியதற்காகவே.

இரண்டாவது, காலம். பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் தப்பி, இடிந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பிப் போரிட்டார். அவ்வாண்டு நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். தம்பி, கோட்டை என்னும் இரு சொற்களும் பிற்காலத்தில் பெற்ற பொருளை 1799இல் பானர்மேன் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே பின்நிகழ்ச்சிகளை மனத்திற்கொண்டு புனைந்த கூற்றாக இதனைக் கொள்ள முடியாது. 1801க்குப் பின் உருப்பெற்ற கதைப்பாடல் வடிவங்களுக்கு இவ்வாய்ப்பு இல்லை.

முடிவுரை

நாடகத்தாலும் 1959ஆம் ஆண்டுத் திரைப்படத்தாலும் பரவிய முழக்கங்களே இன்று மக்கள் நினைவில் முதலிடம் பெறுகின்றன. அறிக்கை காட்டும் கட்டபொம்மனோ தம்பிக்காகக் கவலையுற்று, தம் முடிவொன்றைப் பிழையென ஒப்புக்கொள்பவர். இது வீரத்தைக் குறைப்பதன்று. பகைவரின் ஏட்டிலும் பணிவாக மாற்றப்படாத வருத்தம் இது. காலனிய ஆவணம் என்பதற்காக இதனை ஒதுக்கினால் அவ்வருத்தத்தை இழப்போம். முழுமையாக ஏற்றால் இடையில் நின்ற வாய்களை மறப்போம். கேள்விச் சான்று என்னும் அதன் வரம்பைச் சுட்டியே அதனை மேற்கோள் காட்டுதல் ஆய்வாளர் கடன்.