தோட்டாவைத் தேடிப் புறப்பட்ட கருவி

1881 ஜூலை 2 அன்று அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டை ஒருவன் சுட்டுவிட்டான். தோட்டா உடம்பில் எங்கே தங்கியிருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல், கம்பிச் சுருள்களால் ஒரு கருவி செய்து எடுத்து வந்தார். உலோகத்தின் அருகே கொண்டுபோனால் காதில் ஒலி கேட்கும். ஆனால் மெத்தைக்குள் இருந்த எஃகுக் கம்பிகள் குழப்பிவிட்டன. தோட்டா அகப்படவில்லை, செப்டம்பரில் அதிபர் இறந்துபோனார்.

வேண்டாத இரும்பு, வேண்டிய பொருளை மறைக்கும். அன்றைய தொல்லை இன்றுவரை மெட்டல் டிடெக்டரை விட்டுப் போகவில்லை.

ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த போலந்து ராணுவ அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி, 1941-ல் கண்ணிவெடி தேட ஒரு கருவியை உருவாக்கினார். காப்புரிமை கேட்காமல் அதைப் பிரிட்டிஷ் ராணுவத்திடம் கொடுத்தார். மறு ஆண்டே எல் அலமெய்ன் பாலைவனத்தில் அது வேலை செய்தது. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துக்கட்டிய கருவிகளைப் பொதுமக்கள் வாங்கினார்கள். வெடி தேடிய கருவி காசு தேடப் போனது.

நம் ஊரில் அதைக் கோயில் வாசலில் போலீஸ்காரர் கையில்தான் பார்த்திருப்போம். ஆரணிக்கு மேற்கே, ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள படவேட்டு வயலில் அதே கருவியை நீட்டினால் என்ன ஆகும்? சம்புவராயர்கள் ஆண்ட தலைநகர் அது. கல்வெட்டுகளில் ‘வீரசம்பன் குளிகை’ என்றொரு காசின் பெயரே வருகிறது. மண் மூடிக் கிடந்த கோயில்களைத் தோண்டி மீட்ட ஊர்.

காரெட் ஏஸ் 250 போன்ற எளிய கருவி 6.5 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் இயங்குகிறது. பழகுவது சுலபம், ஆனால் இரும்புச் சத்து மிகுந்த செம்மண்ணில் மண்ணே சத்தம் போடும். மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 பல அலைவரிசைகளை ஒன்றாக அனுப்பி, மண்ணின் சத்தத்தைப் பெருமளவு கழித்துவிடும். சின்ன, மெல்லிய காசுக்கு உயர்ந்த அலைவரிசை நல்லது; ஆழத்தில் கிடக்கும் பெரிய வெள்ளிக் காசுக்குத் தாழ்ந்த அலைவரிசை. பல்ஸ் இண்டக்‌ஷன் வகை இன்னும் ஆழம் போகும். ஆனால் லாட ஆணிக்கும் செப்புக் காசுக்கும் பெரும்பாலும் வித்தியாசம் சொல்லாது. ஆணியும் தகரமும் இறைந்த இடத்தில் பெரிய சுருளைவிட ஆறு அங்குலச் சுருளே மேல். ஊர் மண்ணுக்கு எது பொருந்தும் என்று என்னைக் கேட்டால், பல அலைவரிசைக் கருவியைத்தான் சொல்வேன்.

எந்தக் கருவியும் காசு எந்த மண்ணடுக்கில், எதனோடு கிடந்தது என்று சொல்லாது. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சல்லடையில் சலித்தே காசு எடுத்தார்கள். மாக்கோதை, கொல்லிரும்பொறை என்று சேரர் பெயர் பொறித்த காசுகள் அப்படித்தான் வெளிவந்தன. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் அத்தகைய காசுகளை வாங்கிப் படித்ததால் பெயர்களாவது நமக்குக் கிடைத்தன. கிடந்த இடத்தின் கதை மணலோடு போயிற்று. படவேட்டில் அது நடக்கக் கூடாது.

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

ஆகவே கருவி வாங்க வேண்டாம். ஏர் ஓட்டும்போது பச்சை பூத்த செப்புக் காசு தானாகவே மேலே வந்தால், புளி போட்டுத் தேய்க்காதீர்கள்; எழுத்து அழிந்துவிடும். எந்த வயல், எத்தனை ஆழம், கூட என்ன கிடந்தது என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள்.