மலைத்தொடர் எனப் பெயரிட்ட விமானம்

போர்த் தளவாடங்களின் வரலாறு பெரும்பாலும் தொழில்நுட்ப வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வேகம், இயந்திரவலு, குண்டுச்சுமை என்பன அங்கு முதன்மை பெற, அவற்றுக்கு ஆதாரமான மூலப்பொருளும் மனித உழைப்பும் மறைந்துவிடுகின்றன. யப்பானியக் கடற்படைக்காக நக்கஜிமா நிறுவனம் ஆக்கிய 'றென்சான்' என்னும் குண்டுவீச்சு விமானம் இதற்குத் தக்க உதாரணமாகும். முழுமையான உற்பத்தியை எட்டாது நான்கு முன்மாதிரிகளுடன் முடிவுற்ற இத்திட்டத்தின் தோல்வியை, விமானத்தின் வடிவமைப்பிலன்றி அதனைத் தோற்றுவித்த பொருளாதாரத்திலேயே தேடவேண்டும் என்பது நமது கருத்தாகும்.

நிறுவனத்தின் தோற்றமே அரசுக்கும் மூலதனத்துக்குமிடையிலான உறவைத் தெளிவாகக் காட்டுகின்றது. 1917 இல் கடற்படையிலிருந்து விலகிய சிக்குஹெய் நக்கஜிமா இதனை நிறுவினார். மிற்சுயி வர்த்தகக் குழுமம் அதன் விற்பனையை ஏற்றது. 1930 இல் நாடாளுமன்றம் புகுந்த நக்கஜிமா, 1937 இல் புகையிரதத்துறை அமைச்சரானார். 1942 ஏப்ரில் 5 ஆம் திகதி கொழும்பையும், 9 ஆம் திகதி திருகோணமலையையும் தாக்கிய விமானங்களுள் இந்நிறுவனம் வடிவமைத்த குண்டுவீச்சு விமானங்களும் இருந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

தொலைதூரம் செல்லும் நான்கு இயந்திர விமானமொன்றைக் கடற்படை நெடுங்காலமாக வேண்டிநின்றது. அமெரிக்காவிலிருந்து வாங்கப்பட்ட பயணிகள் விமானமொன்றைத் தழுவி 1941 இல் ஆக்கப்பட்ட 'சின்சான்' அளவுக்கு மீறிய எடையினாலும் இயந்திரக் கோளாறுகளினாலும் கைவிடப்பட்டது. அதன் பின்னர் எழுந்ததே றென்சான். மலைத்தொடர் என்பது அதன் பொருள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,000 குதிரைவலு கொண்ட நான்கு இயந்திரங்களும், ஏறத்தாழ 32.5 மீற்றர் இறக்கை அகலமும், 4 தொன் குண்டுகளைச் சுமக்கும் ஆற்றலும் உடைய அது, 1944 ஒக்டோபர் 23 ஆம் திகதி முதன்முதலாகப் பறந்தது. 16 முன்மாதிரிகளும் 48 உற்பத்தி விமானங்களும் திட்டமிடப்பட்டிருந்தன.

ஆனால், அவ்வளவு பெரிய விமானத்துக்கு வேண்டிய அலுமினியம் எங்கிருந்து வரும்? அதன் மூலப்பொருளாகிய பொக்சைற்று, யப்பான் கைப்பற்றிய பிந்தான் தீவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் கப்பலேறி வரவேண்டியிருந்தது. 1944 இன் இறுதியளவில் அக்கடற்பாதையை அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்கள் பெரும்பாலும் துண்டித்துவிட்டன. மூலப்பொருளுக்காகக் கடல் கடந்து நிலம் கவர்ந்த ஏகாதிபத்தியம், அக்கடலைக் காக்கும் விமானத்தை ஆக்குதற்கே அம்மூலப்பொருளை வேண்டிநின்றது. இம்முரண்பாட்டை எந்தப் பொறியியலாளராலும் தீர்த்துவைக்க இயலவில்லை. உருக்கினால் விமானத்தைக் கட்டும் யோசனையும் எழுந்தது, அது நிறைவேறவில்லை. 1945 யூன் மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

உலோகம் அருகிய அதே காலத்தில் மனித உயிர் எவ்வாறு மதிக்கப்பட்டது என்பதும் நோக்கற்பாலது. நெடுந்தூரம் சென்று மீள்வதற்கென வகுக்கப்பட்ட றென்சான் பறந்து இரண்டே நாட்களில், ஒக்டோபர் 25 ஆம் திகதி, லெய்ட்டே வளைகுடாவில், மீளாமைக்கென்றே அனுப்பப்பட்ட கமிக்காசே விமானிகள் அமெரிக்கக் கப்பல்கள் மீது மோதினர். டிசெம்பர் 7 ஆம் திகதி நிலநடுக்கத்தில் நக்கஜிமாவின் ஹந்தா தொழிற்சாலை இடிந்து வீழ்ந்தது. றென்சான் அங்கு ஆக்கப்படவில்லையாயினும் கடற்படைக்குரிய வேறு விமானங்கள் ஆக்கப்பட்டன. முன்னர் நூற்பாலையாயிருந்த அக்கட்டடத்தில், விமானங்களைப் பொருத்த இடங்காணும் பொருட்டுத் தூண்கள் அகற்றப்பட்டிருந்தன. மாண்ட 150 இற்கு மேற்பட்டோருட் பெரும்பாலோர், வகுப்பறைகளிலிருந்து கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்ட மாணவ மாணவியர். அழிவின் அளவைத் தணிக்கை மக்களிடமிருந்து மறைத்தது.

1945 ஏப்ரிலில் அரசு இந்நிறுவனத்தைத் தன் நிருவாகத்தின்கீழ்க் கொண்டுவந்தது. போர்க்குற்றச் சந்தேகநபராகக் குறிக்கப்பட்ட நிறுவனர் 1947 இல் விடுவிக்கப்பட்டார். பல கூறுகளாகப் பிரிக்கப்பட்ட நிறுவனத்தின் வழித்தோன்றல்கள் 1953 இல் பூஜி கனரகத் தொழில் நிறுவனமாக மீண்டும் ஒன்றுகூடின. எஞ்சிய றென்சான் ஒன்று சோதனைக்காக அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பின்னர் உடைக்கப்பட்டது. மூலதனம் உருமாறித் தொடர்ந்தது; ஹந்தாவின் மாணவர்களுக்கு அத்தகைய தொடர்ச்சி வாய்க்கவில்லை. உற்பத்திக்கு வராத ஒரு விமானத்தின் வரலாற்றிலும் அதன் உற்பத்தி உறவுகளை நாம் காணவேண்டியிருப்பது இதனாலேயே.