தீர்ப்பாணைக் கடன் வசூல் (இந்திய வரலாறு)

தீர்ப்பாணைக் கடன் வசூல் என்பது, பணம் தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்ட பின்னரும் செலுத்தாதவரிடமிருந்து அத்தொகையைச் சட்டவழியில் பெறுவதாகும். இந்திய வழக்காடிகளின் துன்பம் தீர்ப்பாணை கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது என்ற பொருளில் லண்டன் பிரிவி கவுன்சில் 1872இல் குறிப்பிட்டது. அக்கருத்து இன்றும் தீர்ப்புகளில் மேற்கோளாகக் காட்டப்படுகிறது.

கடனுக்குச் சிறை

1859ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் கடனாளியின் சொத்தை ஜப்தி செய்யவும், அவரைச் சிறையில் வைக்கவும் வழி செய்தது. கடன் கொடுத்தவரின் கையில் சிறை ஒரு மிரட்டல் கருவியானது. உறவினர்கள் எப்படியாவது பணம் புரட்டிக் கட்டுவார்கள் என்பதே அதன் கணக்கு. 1888ஆம் ஆண்டின் கடனாளிகள் சட்டம், பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்களைக் கைது செய்வதைத் தடை செய்தது. ஏழைக் கடனாளியைச் சிறைக்கு அனுப்பாமல் விடும் அதிகாரத்தையும் நீதிமன்றத்துக்கு வழங்கியது.

இன்று நடைமுறையில் உள்ள சட்டம் 1908இல் இயற்றப்பட்டது. 1936இல் அதன் 51ஆம் பிரிவில் முக்கியமான வரம்பு சேர்க்கப்பட்டது. கடனாளி தப்பியோட முயல்கிறார், சொத்தை மறைக்கிறார் அல்லது வசதியிருந்தும் செலுத்த மறுக்கிறார் என்பது போன்ற காரணம் மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே சிறை என்றானது.

ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கு

கொச்சி வங்கிக்கு எதிரான இவ்வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய அத்தீர்ப்பு, செலுத்த இயலாமை வேறு, செலுத்த மனமின்மை வேறு என்று பிரித்துக் காட்டியது. வறுமைக்காக ஒருவரைச் சிறையிடுவது அரசமைப்பின் 21ஆம் உறுப்புக்கு முரணானது என்றது. ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற இயலாத காரணத்துக்காக மட்டும் எவரையும் சிறையிடக் கூடாது என்னும் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 11ஆம் உறுப்பையும் எடுத்துக்காட்டியது.

இன்றைய நடைமுறை

தீர்ப்பாணை பெற்றவர் 12 ஆண்டுகளுக்குள் நிறைவேற்று மனு தாக்கல் செய்ய வேண்டும். கடனாளியின் சொத்து விவரம் தெரியாவிட்டால், அதைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய உத்தரவிடுமாறு நீதிமன்றத்தைக் கேட்கலாம். வங்கிக் கணக்கு, நிலம், சம்பளத்தின் ஒரு பகுதி ஆகியவற்றை ஜப்தி செய்யலாம்.

60ஆம் பிரிவின்படி உடுப்பு, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், மதவழக்கப்படி பெண் கழற்றக் கூடாத அணிகலன்கள் ஆகியவற்றைத் தொட முடியாது. சாதாரணப் பணத் தீர்ப்பாணைகளில் சம்பளத்தின் முதல் 1,000 ரூபாயும் எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கும் காக்கப்படுகின்றன.

5,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு அதிகபட்சச் சிறைக்காலம் மூன்று மாதம். 2,000 ரூபாய் வரையிலான தொகைக்குச் சிறை இல்லை. கடனாளியின் பிழைப்புப்படியை மனுதாரர் முன்கூட்டியே கட்ட வேண்டும். விடுதலையானாலும் கடன் தீராது; ஆனால் அதே தீர்ப்பாணைக்காக அவரை மீண்டும் கைது செய்ய இயலாது.

காலதாமதம்

கடனாளிக்கான பாதுகாப்புகள் வளர்ந்தாலும், கொடுத்தவரின் காத்திருப்பு குறையவில்லை. ராகுல் எஸ். ஷா வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம், நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்றும், தாமதமானால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்றும் ஆணையிட்டது.