ஜாடிக்கு ஒரு பெயர்ச் சீட்டு

நம்மவர்களில் ஊறுகாய்க்கு மார்க் போடாதவர்கள் கிடையாது. கல்யாணப் பந்தியில் இலை ஓரத்தில் விழும் ஒரு துண்டு நார்த்தங்காயை வாயில் போட்ட மாத்திரத்தில், 'உப்பு இன்னும் ஏறவில்லை', 'நல்லெண்ணெய் போதாது' என்று தீர்ப்புச் சொல்ல இரண்டு பேராவது இருப்பார்கள். ஆனால் அதைப் போட்டது யார் என்று கேட்டால் 'கும்பகோணம் அத்தை', 'எதிராத்து மாமி' என்ற அளவில் பதில் நின்றுவிடும். அத்தைக்கு ஒரு பெயர் உண்டு என்பது ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்!

வீட்டில் போட்ட ஊறுகாயையோ ஜாமையோ, போட்டவர் பெயர் எழுதிய சீட்டோடு பொது இடத்தில் மேஜைமேல் வைத்து, மூன்றாம் மனிதர் ருசி பார்த்துப் பரிசு கொடுக்கும் வழக்கம் எங்கே பிறந்தது, நம்மிடம் எப்படி வந்தது என்று சில காலமாகத் தேடிப் படித்து வருகிறேன். கோபர்கைரனேயில் நடந்த ஒரு சின்னப் போட்டிக்கு மதிப்பெண் தாள் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததுதான் இதற்குக் காரணம். அந்தக் கதை பிறகு.

உணவைக் கெடாமல் வைக்கும் வித்தைக்குப் பரிசு என்றதும் எல்லோரும் சொல்வது பிரான்ஸ் தேசத்து நிக்கோலா அப்பேரின் கதை. நெப்போலியன் தன் படைக்காகப் போட்டி அறிவித்தான், அப்பேர் ஜெயித்தார் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும். நிச்சயமாகத் தெரிவது இவ்வளவுதான்: 1810-ல் பிரெஞ்சு அரசாங்கம் அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது, செய்முறையை ஒளிக்காமல் புத்தகமாகப் போட வேண்டும் என்பது நிபந்தனை. அவரும் அதே ஆண்டில் போட்டார். அவர் விஞ்ஞானி அல்லர், மிட்டாய் செய்பவர். கண்ணாடிப் புட்டியில் பண்டத்தை அடைத்து, தக்கையால் இறுக்கி மூடி, புட்டியோடு கொதிநீரில் வைத்தார். ஏன் கெடவில்லை என்று அவருக்கே தெரியாது. காரணத்தைக் கண்டு சொன்ன லூயி பாஸ்டர் பிறந்ததே 1822-ல். சமையல்கட்டு முதலில் கண்டுபிடிக்கும், ஆராய்ச்சிக்கூடம் பிறகு வந்து விளக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அது அரசாங்கம் ஒரு நிபுணருக்குக் கொடுத்த பரிசு. வீட்டுப் பெண்களின் கைவேலை சந்தைக்கு வந்தது அமெரிக்காவில். மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் பிட்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் எல்கானா வாட்சன் என்பவர் 1807-ல் இரண்டு மெரினோ ஆடுகளை ஊர் நடுவில் நிறுத்திக் காட்டினார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. 1810-ல் அது கால்நடைக் காட்சியாக வளர்ந்தது. அடுத்த ஆண்டே ஒரு விவசாயச் சங்கமும் ஏற்பட்டது. சில ஆண்டுகளில் பெண்கள் வீட்டில் நெய்த துணிகளுக்கும் பரிசு அறிவித்தார். துணிகள் வந்தன, பரிசு வாங்கப் பெண்கள் வரவில்லை. சபையில் பெயர் கூப்பிட எழுந்து போவதா என்று கூச்சம். தம் மனைவியை முதலில் வந்து உட்காரச் சொல்லி, அதை ஊருக்குள் சொல்லி அனுப்பிய பிறகே மற்றவர்கள் வந்தார்கள் என்று வாட்சனே எழுதி வைத்திருக்கிறார். இருநூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்காவில்தான் இது. நம் பாட்டிமார்களை மட்டும் குறை சொல்வானேன்!

துணிக்குப் பின்னால் ஜாமும் ஊறுகாயும் அந்த மேஜைக்கு வந்தன. ஜான் மேஸன் என்பவர் 1858 நவம்பர் 30 அன்று மரை வைத்த கழுத்துள்ள கண்ணாடிப் புட்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே அளவு, உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியும், மூடி இறுகும். இந்தப் புட்டி வந்த பிறகு நடுவர்களின் வேலை சுலபமாயிற்று. கண்ணால் பார்த்தே கழிக்கலாம் அல்லவா? துண்டுகள் ஒரே அளவில் இருக்கின்றனவா, நிறம் மங்கியிருக்கிறதா, சாறு கலங்கியிருக்கிறதா, கழுத்தில் சரியான இடைவெளி விட்டிருக்கிறதா, மூடி காற்றுப் புகாமல் பிடித்திருக்கிறதா என்பவை இன்றும் அங்கே அளவுகோல்கள். புளிப்பில்லாத காய்கறியை அடைத்த புட்டியைப் பல சந்தைகளில் திறந்து ருசி பார்ப்பதே இல்லை. சரியாகப் பதப்படுத்தாத புட்டியில் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் கொடிய நஞ்சு உண்டாகும் என்ற பயம். ஆக, சாப்பிடும் பொருளுக்குச் சாப்பிட்டுப் பார்க்காமலே பரிசு! பெயரும் முழுசாக வந்துவிடவில்லை. பழைய பரிசுப் பட்டியல்களில் பெரும்பாலும் 'திருமதி' போட்டுக் கணவர் பெயர்தான் இருக்கும்.

இங்கிலாந்து விஷயம் வேறு மாதிரி. கனடாவில் ஆன்டாரியோ மாகாணத்து ஸ்டோனி க்ரீக் என்ற ஊரில் 1897-ல் தொடங்கிய மாதர் கழகம் 1915-ல் வேல்ஸ் நாட்டுக்கு வந்து, பிறகு இங்கிலாந்து கிராமங்களிலெல்லாம் பரவியது. ஜாம் போடுவதும், கிராமக் காட்சியில் அதை வைப்பதும் அவர்கள் அடையாளமாகவே ஆயிற்று. யுத்தம் வந்தபோது அந்தப் பழக்கம் கைகொடுத்தது. சர்க்கரை ரேஷனில் இருந்த 1940-ல் அரசாங்கம் இவர்களுக்குத் தனியாகச் சர்க்கரை ஒதுக்க, அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 1,631 டன் பழப் பண்டங்களைப் போட்டுக் கொடுத்தார்கள். போட்டிக்காகப் பழகிய கை இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

நம் பக்கம் வருவோம். பொருட்காட்சி என்ற சங்கதி சென்னைக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியைப் பார்த்து, 1855-ல் சென்னையிலும் ஒன்று நடத்தினார்கள். மியூசியத்தை ஆரம்பித்து நடத்திய டாக்டர் எட்வர்ட் பால்ஃபர் இதிலும் முன்னின்றார். பொருட்களை முப்பது வகுப்பாகப் பிரித்து, வகுப்புக்கு ஒரு நடுவர் குழு அமைத்து, அவர்கள் அறிக்கைகளை அச்சிட்டும் விட்டார்கள். ஆனால் அதன் நோக்கம் தென்னிந்தியாவின் மூலப் பொருட்களும் கைத்தொழிலும் வியாபாரத்துக்கு எவ்வளவு தேறும் என்று பார்ப்பது. அரிசி, நார், எண்ணெய், தோல் இவற்றுக்கு அங்கே இருந்த மதிப்பு அடுப்பங்கரைக்கு எங்கே இருக்கப் போகிறது? 1901 கல்கத்தா மாநாடு முதல் காங்கிரஸ் சபையோடு சேர்த்துக் கைத்தொழில் கண்காட்சிகள் நடந்தன. 1903-ல் சென்னை, 1904-ல் பம்பாய். சுதேசி உணர்ச்சி வளர அவை பெரிதும் உதவின.

வீட்டுச் சமையல் பொது விஷயமானது சுதந்திரத்துக்குப் பிறகுதான் என்று தோன்றுகிறது. உணவுப் பஞ்சம் வாட்டிய காலம். கே.எம். முன்ஷி 1950 முதல் 1952 வரை மத்திய உணவு மந்திரி. அவர் மனைவி லீலாவதி முன்ஷி தலைமையில் அகில இந்திய மகளிர் மத்திய உணவு கவுன்சில் ஏற்பட்டது. அந்தக் கவுன்சிலின் முயற்சியில் 1954-ல் பம்பாயில் தொடங்கியதே இன்று தாதரில் இருக்கும் கேட்டரிங் கல்லூரி. மைசூரில் உணவு ஆராய்ச்சிக்கூடம் திறந்தது 1950-ல். 1951-ல் சென்னையில் மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' வெளியிட்டார். கல்யாணமாகி வெளியூர் போகும் பெண்ணின் டிரங்குப் பெட்டியில் அந்தப் புத்தகம் இருந்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். எனக்கு அதில் விசேஷமாகப் படுவது அட்டையில் இருந்த பெயர். ஒரு மாமியின் கைப்பக்குவம் அவர் சொந்தப் பெயரிலேயே ஊர் ஊராகப் போயிற்று.

பம்பாயில் இன்னொரு பாதை திறந்தது. 1959 மார்ச் 15 அன்று கிர்காவில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மாடியில் உட்கார்ந்து அப்பளம் இட்டார்கள். அன்று தேறியது நான்கு பாக்கெட். அதுதான் லிஜ்ஜத். அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் பொபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் எந்தப் போட்டிக்கும் வைக்கவில்லை, நேராக விலைக்கு வைத்தார்கள். விற்பனை மார்க்கைவிடப் பெரிய மார்க் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு சம்மதமில்லை. பாக்கெட்டில் கம்பெனி பெயர்தான் இருக்கும், இட்டவர் பெயர் இருக்காது.

இனி கோபர்கைரனே. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. தானே கழிமுகத்தை ஒட்டிய இந்த ஊர் ஆதியில் ஆக்ரி, கோலி ஜனங்களின் கிராமம். மராட்டியில் 'ஆகர்' என்றால் உப்பளம். உப்பு விளைவித்தவர்கள் ஆக்ரிகள். ஊறுகாய்க்கு இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது! 1970-ல் ஏற்பட்ட சிட்கோ நவி மும்பையை உண்டாக்கியபோது இங்கேயும் செக்டார்கள் முளைத்தன. செம்பூரிலிருந்து 1998-ல் நாங்கள் குடிவந்தபோது ரயில் கிடையாது. தானே - வாஷி பாதை 2004-ல்தான் வந்தது. மாவடு, மாகாளிக்கிழங்கு எல்லாவற்றுக்கும் மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு இரண்டு வண்டி மாறிப் போக வேண்டும். வடுவை மடியில் வைத்துக் கொண்டு வந்த நாட்கள் உண்டு.

2019 ஜனவரியில், சங்கராந்திக்குப் பிந்தைய ஹல்தி குங்குமத்தை ஒட்டி, எங்கள் குடியிருப்புப் பெண்கள் ஊறுகாய்ப் போட்டி வைத்தார்கள். மராட்டி லோண்ச்சே, மோரம்பா, குஜராத்திகள் வெயிலில் வைத்துப் பாகாக்கும் சுந்தா, ஆந்திரா ஆவக்காய், பாலக்காட்டுக் கடுமாங்கா, நம் மாவடு என்று பதினெட்டு ஜாடிகள். பாங்கியில் கணக்கெழுதி ரிடையர் ஆனவள் என்பதால் மதிப்பெண் தாள் என் பொறுப்பு. ஏதோ ஒரு சமையல் பத்திரிகையில் இருந்த மாதிரியைக் குழு என்னிடம் கொடுத்தது. தோற்றம், நிறம், துண்டுகளின் ஒழுங்கு, ருசி, புதுமை. அதன்படியே தாள் அடித்தேன்.

எங்கள் மாடியில் இருக்கும் பாலக்காட்டு மாமி, எழுபத்தெட்டு வயது, பத்து மாதத்து மாவடுவைச் சீனா ஜாடியோடு தூக்கிக்கொண்டு வந்தார். பழுப்பேறி, தோல் சுருங்கி, காம்போடு இருந்தது. தோற்றத்துக்கு நடுவர்கள் பத்துக்கு மூன்று போட்டார்கள். நிறத்துக்கு இரண்டு. புதுமைக்குப் பூஜ்யம். முந்தின வாரம் போட்ட காரட் ஊறுகாய் எல்லாக் கட்டத்திலும் முன்னால் போயிற்று.

"ஏண்டி, சுருங்கலைன்னா அது மாவடுவா, பச்சை மாங்காயா?" என்றார் மாமி.

"நீங்கோ சொல்றது வாஸ்தவம் மாமி. தாள்ல அதுக்குக் கட்டம் இல்லையே!"

"கட்டம் போட்டது யாரு?"

அந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது. கட்டம் போட்டது ஜாம். பழம் முழுசாய், நிறம் குறையாமல், நேற்றுப் பறித்தது போல இருக்க வேண்டும் என்பது கண்ணாடிப் புட்டியின் தர்மம். கொதிக்க வைத்து, கிருமியைக் கொன்று, காலத்தை வெளியே நிறுத்தி மூடிவிடுகிறார்கள். நம் மாவடுவில் காலம்தான் வேலைக்காரன். விளக்கெண்ணெய் தடவிய வடுவில் உப்பைப் போட்டுத் தினம் குலுக்கினால், நாலு நாளில் உப்பு வடுவின் தண்ணீரை வெளியே இழுக்கும், தோல் சுருங்கும். அந்தத் தண்ணீரிலேயே மிளகாய், கடுகு, மஞ்சள் அரைத்து விடுகிறோம். அதற்குப் பிறகு மெல்ல மெல்லப் புளிப்பு மாறிக்கொண்டே இருக்கும். சுருக்கம் என்பது உப்பு ஏறியதற்கு ரசீது. வடு சுருங்காமல் பளபளவென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பீங்கான் ஜாடிக்குள் கண் போகாது. மூடியைத் திறந்ததும் வரும் வாசனைதான் முதல் நடுவர்.

எங்கள் அகத்துக் கணக்கு எட்டுப் படி வடுவுக்கு ஒரு படி கல்லுப்பு. 2011-ல் அமலுக்கு வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளைப் புரட்டியபோது, உப்புநீர் ஊறுகாய்க்கு உப்பு குறைந்தது 12 சதவீதம் என்று இருந்தது. எட்டில் ஒன்று பன்னிரண்டரை! படிக் கணக்கும் எடைக் கணக்கும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனாலும் பாட்டியும் சர்க்காரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதே விதிகளில் ஜாமுக்குப் பழம் நூற்றுக்கு 45 பங்காவது வேண்டும் என்று இருக்கிறது. விற்பதற்குத்தான் இந்த விதிகளும் பதிவும். பரிசுக்கு வைக்கும் ஜாடியைச் சட்டம் கேட்பதில்லை. ஆகவே அங்கே பொறுப்பு நடுவருடையது. பூஞ்சை கண்டால் ருசி பார்க்காமல் ஒதுக்கச் சங்கோஜப்படக் கூடாது.

அடுத்த ஜனவரியில் தாளை மாற்றி அடித்தோம். தோற்றம் என்பதை எடுத்துவிட்டு 'அந்த ஊறுகாய்க்கு உரிய பதம்' என்று போட்டோம். அந்தந்த வகைக்குப் பழக்கமுள்ள ஒருவராவது நடுவர் குழுவில் இருக்க ஏற்பாடு செய்தோம். லோண்ச்சேக்கு மராட்டி அம்மாள், சுந்தாவுக்குக் குஜராத்தி பென். புதுமைக்குப் பதில் 'போட்ட தேதி'. மூன்று மாதத்துக்கு உட்பட்டது ஒரு மேஜை, அதற்கு மேற்பட்டது ஒரு மேஜை. பழைய மேஜையில் ஆறு ஜாடிகள் வந்தன. மாமி இரண்டாவது பரிசு வாங்கினார். முதல் பரிசு ஆந்திராக்காரர் ஒருவரின் ஆவக்காய்க்குப் போயிற்று, நியாயமாகவே. மாமியே அதில் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

சில கிளைகளில் நவராத்திரியின்போது கோலப் போட்டியோடு ஊறுகாய்ப் போட்டியும் வைக்கும் யோசனை இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அவர்களுக்கு எங்கள் சீட்டில் இருந்த கேள்விகளைத் தருகிறேன். போட்டவர் பெயர், சொந்தப் பெயர், 'இன்னார் அகத்து மாமி' வேண்டாம். என்ன காய், எங்கே வாங்கியது. போட்ட தேதி. உப்பும் எண்ணெயும் எந்தக் கணக்கு. யாரிடம் கற்றது. இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் இடம் தாராளமாக விடுங்கள். எங்கள் மாமி தன் மாமியார், அவருக்குச் சொல்லிக் கொடுத்த கல்பாத்தி அத்தை என்று இரண்டு பெயர்களை எழுதி, சீட்டின் பின்பக்கமும் போய்விட்டார்.