பாலைவனம் கடந்த வண்டிகள்

என் பழைய மாணவன் ஒருவன் அமெரிக்காவில் வீட்டு வண்டி எடுத்துக்கொண்டு, கைக்குழந்தையோடு ஜூலை வெயிலில் மொஹாவி பாலைவனத்தைக் கடக்கப் போகிறானாம். அவனுக்காக ஒரு வரலாற்றுப் பாடம்.

1930களில் 66ஆம் நெடுஞ்சாலையில் வந்த பலர் அந்தப் பாலைவனத்தை இரவில்தான் கடந்தார்கள். காரின் முன்னால் கித்தான் தண்ணீர்ப் பை தொங்கும். நம் மண்பானை போலவே, கசியும் நீர் ஆவியாக, உள்ளிருக்கும் நீர் குளிரும். 1936இல் வந்த ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்ற இழுவை வீட்டில் உலர்பனிக்கட்டியால் குளிரூட்டினார்கள். கார் ஜன்னலில் மாட்டும் ஏர் கூலரும் வந்தது; ஓட்டத்தில் வரும் காற்று ஈர நார் வழியே புகுந்து குளிரும்.

தம்பி, உன் வண்டியில் ஏசி இருக்கிறது. அது நின்றுபோனால்? தண்ணீர் நிறைய வை, வெயில் தாழ்ந்தபின் கிளம்பு. நிறுத்திய வண்டிக்குள் குழந்தையை ஒரு நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதே.